ஆம்பர்சண்ட் போட்டால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் சர்வரில் ஒரு புரோகிராமை ஓடவிட்டு டெர்மினலை (கட்டளை அடிக்கும் ஜன்னலை) மூடிவிட்டுப் போக வேண்டுமென்றால் கட்டளையின் கடைசியில் ஆம்பர்சண்ட் குறி (&) போட்டால் போதும் என்று உங்கள் கணினிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். போதாது. கல்லூரி ஆய்வகம் ஒன்றில் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் நான். அதைப் படித்துவிட்டு வரும் பசங்களுக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

இதில் வம்பே அந்த வழி சில சமயம் வேலை செய்துவிடுவதுதான். நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லில், அதாவது பெரும்பாலும் பாஷில் (bash), எக்சிட் (exit) என்று அடித்து முறையாக வெளியேறினால், பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பதை அது வழக்கமாகச் சீண்டாது. ஆனால் டெர்மினல் ஜன்னலை அப்படியே மூடினாலோ, வீட்டில் கரண்ட் போய் தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் எஸ்எஸ்எச் (SSH) இணைப்பு அறுந்து அது சர்வருக்குத் தெரியவந்தாலோ, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஷெல்லுக்கு சிக்ஹப் (SIGHUP), அதாவது 'இணைப்பு அறுந்தது' என்ற சிக்னலை அனுப்பும், ஷெல் அதைத் தன் கீழ் ஓடுகிற எல்லா வேலைக்கும் தள்ளிவிட்டுத் தானும் போய்ச் சேரும். டெலிபோன் லைனில் டெர்மினல் மாட்டிய காலத்து ஏற்பாடு, இன்னும் அப்படியே இருக்கிறது. நேற்று ஓடியது இன்று ஏன் சார் செத்துப்போச்சு என்று கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் விடை.

சரி, கட்டளைக்கு முன்னால் நோஹப் (nohup) போடலாமே என்பீர்கள். போடலாம், அந்த சிக்னலைப் புரோகிராம் கண்டுகொள்ளாமல் விடச் செய்யும், திரையில் வர வேண்டியதை நோஹப் டாட் அவுட் (nohup.out) என்ற கோப்பில் கொட்டும். இங்கேயும் ஒரு கூத்து உண்டு. பைதான் புரோகிராம் கோப்புக்கு எழுதும்போது வரி வரியாக எழுதாது, சேர்த்து வைத்துத்தான் கொட்டும். கோப்பைத் திறந்தால் காலியாக இருக்கும். பையன் 'மாட்டிக்கொண்டது' என்று நினைத்து இன்னொரு தடவை கிளப்புவான், இரண்டும் ஒரே டேட்டா கோப்பில் எழுதித் தள்ளும், சர்வர் மூச்சுமுட்டும். பைதானுக்குப் பக்கத்தில் ஹைஃபன் யு (-u) போட்டால் தீர்கிற விஷயம் இது. ஏற்கெனவே ஓடுவதைக் காப்பாற்ற, அதை ஷெல்லின் பட்டியலிலிருந்து விலக்கும் டிஸ்ஓன் (disown) கட்டளை இருக்கிறது, ஆனால் டெர்மினல் போன பிறகு அந்தப் புரோகிராம் எதையாவது அச்சடிக்கப் போனால் பிழை வந்து நின்றுவிடலாம்.

என்னைக் கேட்டால் புதிதாக வருபவர்களுக்கு முதலிலேயே டிமக்ஸ் (tmux) சொல்லிக்கொடுக்க வேண்டும், இணைப்பு போனாலும் நம் திரையைச் சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் புரோகிராம் அது. டிமக்ஸ் என்று அடித்து உள்ளே போய் வேலையைத் தொடங்கிவிட்டு, கன்ட்ரோலோடு பி (b), அப்புறம் அதை விட்டுவிட்டு டி (d). அவ்வளவுதான், வெளியே வந்துவிடலாம். மறுநாள் டிமக்ஸ் அட்டாச் (tmux attach) என்றால் அதே திரை, பாதியில் நின்று கேள்வி கேட்டிருந்தால்கூட அந்த இடத்திலேயே பதில் சொல்லலாம். நோஹப்பில் இந்தத் திரும்பிப் போகும் வசதி கிடையாது. 1987லேயே வந்த ஸ்கிரீன் (screen) என்ற புரோகிராமும் இதே வேலையைச் செய்யும், பழைய ஆட்கள் அதைத்தான் விடமாட்டார்கள்.

2016இல், லினக்ஸில் சேவைகளையும் பயனர் நுழைவுகளையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் (systemd) 230 பதிப்பு, லாக்அவுட் ஆனதும் பயனருடைய எல்லாவற்றையும், டிமக்ஸ் உட்பட, கொன்றுவிடுவதை இயல்பான அமைப்பாக்கி ஒரு பெரிய சண்டையே நடந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகை அதைத் திருப்பி அணைத்துவிட்டது. அந்த அமைப்பு இருக்கிற சர்வரில், வெளியேறிய பிறகும் வேலைகள் ஓட விடும் லிங்கர் (linger) அனுமதியை, தேவைப்பட்டால் அட்மினிடம் கேட்டு, வாங்கிக்கொண்டு, டிமக்ஸை systemd-run --user --scope வழியாகத் தொடங்குவதுதான் வழி. சர்வர் ரீபூட் ஆனால் இவை எதுவுமே தாங்காது, அதற்கு சிஸ்டம்டி சர்வீஸாகவே எழுதிவைக்க வேண்டும்.

அடுத்த வாரப் பக்கத்தில் டிமக்ஸுக்கு அரைப் பத்தியாவது ஒதுக்கி, ஆம்பர்சண்ட் விஷயத்துக்கு ஒரு திருத்தமும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வக ஊழியர் ஒருவர், மதுரை