நொதி என்றால் புரதம் மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் ‘நொதிகள் அனைத்தும் புரதங்களே’ என்று விடை தந்திருக்கிறீர்கள். டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியில் ஆர்.என்.ஏ. புரத உதவியே இல்லாமல் தன்னை வெட்டி ஒட்டிக்கொள்வதை 1982இல் தாமஸ் செக் காட்டியபோதே அந்த விடை பழசாகிவிட்டது. மறு ஆண்டு சிட்னி ஆல்ட்மன் குழு, பாக்டீரியாவின் ஆர்.என்.ஏஸ் பி நொதியில் வெட்டும் வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ. பகுதிதான் என்று நிரூபித்தது. இருவருக்கும் 1989இல் நோபல் பரிசு கிடைத்தது.

திருத்தம் போடும்போது ‘சில ஆர்.என்.ஏ.க்களும் நொதிகளே’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடாதீர்கள். அவை இலக்கை எப்படிக் கண்டுபிடித்து வெட்டுகின்றன என்பதைத்தான் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

நொதியாக வேலை செய்யும் ஆர்.என்.ஏ.வுக்கு ரைபோசைம் என்று பெயர். வெண்ணெய்ப்பழ மரத்தைத் தாக்கும் ஒரு வைராய்டில் (புரத உறை இல்லாத, வெறும் ஆர்.என்.ஏ.வாலான நோய்க்கிருமி) உள்ள சுத்தியல்தலை ரைபோசைமையே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கையில் அது தன் இழையையே வெட்டுகிறது. ஆய்வகத்தில் வெட்டும் இழை, வெட்டுப்படும் இழை என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். ஆர்.என்.ஏ. இழை ஏ, யு, ஜி, சி என்ற நான்கு ‘எழுத்து’களால் (வேதி அலகுகளால்) ஆனது. வெட்டும் இழையின் இரு முனைகளும் வெட்டுப்படும் இழையாகிய இலக்கோடு ஏ-யு, ஜி-சி என்று ஜோடி சேர்ந்து பிடித்துக்கொள்ளும். நடுவில் உள்ள சுமார் 15 எழுத்துகள் மடிந்து, இலக்கை ஓரிடத்தில் வளைக்கும். பெரும்பாலும் ஜி-யு-சி என்ற மூன்றெழுத்து முடிகிற இடம் அது. சரி, அப்புறம் வெட்டுவது யார்? இலக்கேதான்! அந்த சி-யின் சர்க்கரையில் இரண்டாவது கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் (ஓ.எச். தொகுதி), அடுத்த எழுத்தோடு இணைக்கும் பாஸ்பேட்டைத் தாக்க, பிணைப்பு அறுகிறது. ரைபோசைம் ஹைட்ராக்சிலையும் பாஸ்பேட்டையும் நேராக நிறுத்தி, ஒரு பக்கம் புரோட்டானை வாங்கி மறுபக்கம் கொடுக்கிறது. அந்த ஹைட்ராக்சில் டி.என்.ஏ.வில் கிடையாது. அதனால்தான் 1994இல் இதன் முதல் படிக அமைப்பை வெளியிட்டவர்கள், வெட்டுப்படாமல் இருக்க டி.என்.ஏ. இழையை இலக்காக வைத்தார்கள்.

பிடிக்கும் முனைகள் நீள நீளத் துல்லியம் கூடும் என்றுதான் எந்த மாணவரும் சொல்வார். நடப்பது வேறு. பிடி மிக இறுகினால், ஓரெழுத்து பொருந்தாத ஆர்.என்.ஏ.கூடக் கழன்று போவதற்குள் வெட்டுப்பட்டுவிடும். வெட்டிய துண்டுகளும் சீக்கிரம் விலகாது. 1991இல் டேனியல் ஹெர்ஷ்லாக் இதைக் கணக்கிட்டே காட்டினார். நோய் தரும் மரபணுச் செய்தியை வெட்ட ரைபோசைம் வடிவமைப்பவர்கள் இன்றும் இதோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

ஆர்.என்.ஏஸ் பி-க்கு எழுத்துகளை ஜோடி சேர்த்து இலக்கைப் பிடிக்கும் இந்த வழி ஒத்துவராது. அது வெட்ட வேண்டிய முன்னோடி டி.ஆர்.என்.ஏ.க்களின் (புரதம் கட்ட அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் ஆர்.என்.ஏ.க்களின் முழுமையடையாத வடிவங்களின்) எழுத்து வரிசை ஒவ்வொன்றிலும் வேறு. ஆகவே எல்லாவற்றுக்கும் பொதுவான மடிந்த வடிவத்தைத்தான் முக்கியமாக அடையாளம் காண்கிறது.

அடுத்த இதழில் ஒரு படத்தோடு அரைப் பக்கமாவது இதற்கு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்பு உயிரியல் ஆசிரியர் ஒருவர்