விடைத்தாள் நிரப்புவது பயிற்சி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதுநிலை உளவியல் மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனைகளைக் கற்பித்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1989-இல் திருத்தப்பட்ட எம்.எம்.பி.ஐ. என்னும் ஆளுமைச் சோதனையின் 567 கூற்றுகளுக்கும் 'சரி', 'தவறு' என விடை வாங்கி மதிப்பெண்ணைக் கூட்டிவிட்டால் செய்முறைப் பாடம் முடிந்ததாகிவிடுகிறது. ஒருவரின் மதிப்பெண்ணை எதனோடு ஒப்பிடுகிறோமோ அந்த ஒப்பீட்டு அளவுகள் 2,600 அமெரிக்கர்களிடம் பெறப்பட்டவை என்பதையும், விடையளித்தவர் தம்மை நல்லவராகக் காட்டிக்கொண்டாரா, கண்ணை மூடிக்கொண்டு குறித்தாரா என்று காட்டும் அளவைகள் அதற்குள்ளேயே இருக்கின்றன என்பதையும் மாணவர்கள் தேர்வில் தவறாமல் எழுதுவார்கள். அறிக்கை தயாரிக்கும்போதுதான் மறந்துபோகும்.

ஒருமுறை என் மாணவி, ஆங்கிலம் அறியாத ஓர் அம்மாவுக்குக் கூற்றுகளை அங்கேயே தமிழாக்கிப் படித்துக்கொண்டிருந்தார். பசி எடுப்பதில்லை என்பதுபோல் எதிர்மறையாக ஒன்று வர, அந்த அம்மா "இல்லைம்மா" என்றார். மாணவி 'தவறு' என்று குறித்தார். எடுப்பதில்லை என்பதைத்தான் அவர் சொன்னார்! இப்படி எத்தனை விடைகள் தலைகீழாயினவோ. (அந்தத் தாளை அன்றே ஒதுக்கிவிட்டோம்.)

தமிழில் முறையாகத் தரப்படுத்தப்பட்ட படிவம் கையில் இல்லாமல் சோதனை நடத்தக் கூடாது என்பதையும், மதிப்பெண்ணை நேர்காணலோடு ஒப்பிட்டு மேற்பார்வையாளர் முன்னிலையில் அறிக்கை எழுதுவதையும் பாடத்திட்டக் குழுக்கள் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உளவியல் ஆசிரியர் ஒருவர்