மாப்ள, ஃபோர்ஜ்டு கோல்ஃப் செட் வாங்கறதுக்கு முன்னாடி

டேய் மாப்ள,

நல்லாருக்கியா? தங்கச்சி எப்படி இருக்கு, அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு சொட்டு மருந்தெல்லாம் நிறுத்தியாச்சா? "மாப்ள கோல்ஃப் ஆட ஒரு ஃபோர்ஜ்டு அயர்ன் செட் எடுத்துடலாம்னு இருக்கேன், எது நல்லாருக்கும் சொல்லு"ன்னு நீ பாட்டுக்கு வாட்ஸ்அப்ல ஒரு வரி தட்டி விட்டுட்ட, நான் ரெண்டு நாளா பதில் டைப் பண்றதும் அழிக்கறதுமா இருக்கேன். அது ஒரு வரில முடியற சமாச்சாரம் இல்லடா. அதான் ஞாயித்துக்கிழமை காலைல காபிய போட்டுட்டு உக்காந்துட்டேன், ஹாஸ்டல் லீவுல உனக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதுனதுக்கு அப்புறம் இப்பதான் எழுதறேன்னு நினைக்கறேன்.

இங்க கோபேல குளிர் ஆரம்பிச்சாச்சு. நவம்பர் பொறந்தா போதும், கோர்ஸ்ல இருக்கற புல்லு எல்லாம் வைக்கோல் கலருக்கு மாறிடும். எனக்கு இடது முட்டி கொஞ்சம் தகராறு, படி இறங்கறப்ப மட்டும் ஞாபகப்படுத்துது. பாப்பா டோக்கியோல வேலைக்கு சேந்துட்டா, வீட்டுல நானும் இவளும் மட்டும்தான், இவ ரசம் வச்சா அது மூணு நாளைக்கு வருது. மத்தபடி ஒண்ணும் குறையில்ல.

சரி விஷயத்துக்கு வர்றேன். முதல்ல ஒண்ணு, நீ காஸ்டிங்காரன், உருக்கி வார்க்கறவன்; ஃபோர்ஜிங்னா இரும்ப காய்ச்சி அடிச்சு உருவம் குடுக்கறது. பீளமேட்டுல மெழுகு மோல்டு எடுத்து, செராமிக் ஷெல் கட்டி, மெழுக உருக்கி ஊத்திட்டு ஸ்டீல ஊத்தி இம்பெல்லர் பண்றவன். உன் பையில இருக்கற அந்த பழைய அயர்ன் செட்டும், அதாவது இரும்புத் தலை வச்ச கோல்ஃப் மட்டைங்களும், அதே முறைல பொறந்ததுதான்டா. 17-4 ஸ்டெயின்லெஸ், நீயே உருக்கியிருப்ப. ஜெனரல் எலக்ட்ரிக்ல இன்ஜினியரா இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம்னு ஒருத்தர்தான் பிங் கம்பெனிய ஆரம்பிச்சு, இந்த இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்க வச்சு அயர்ன் உலகத்தையே திருப்பிப் போட்டாரு. 1982ல வந்த அவங்க ஐ2 அயர்ன இன்னைக்கும் பையில வச்சு ஆடறவங்க இருக்காங்க. அதனால காஸ்டிங்னா மட்டம், ஃபோர்ஜிங்னா ஒசத்தின்னு கிளப்புல எவனாவது சொன்னா, உன் தொழில திட்டறான்னு எடுத்துக்கோ. நம்ம சுவாமிமலைல சாமி சிலை வார்க்கறதும் மெழுகுலதானே ஆரம்பிக்குது.

அப்ப ஃபோர்ஜ்டுல என்னதான் இருக்கு? எல்லாரும் "சாஃப்ட்டா இருக்கும், வெண்ணெய் மாதிரி இருக்கும்"ம்பாங்க. நானும் அதுக்கு மயங்கித்தான் வாங்குனேன். எட்டு வருஷம் முன்னாடி, போனஸ் வந்த கையோட, இங்க ஒரு கடைல போயி ஒரு பிளேடு செட், மஸில் பேக்னு முதுகு குடையாம பண்றது, பாக்கறதுக்கு கத்தி மாதிரி மெல்லிசா, மேல் விளிம்பு நூல் கட்டுன மாதிரி. கடைக்காரன் என் ஸ்விங்க ரெண்டு தடவை பாத்தான், "உங்களுக்கு சரியா இருக்கும்"னான், 130 கிராம்ல விறைப்பான ஷாஃப்ட், அதாவது கம்பு, போட்டுக் குடுத்தான். நான் அப்ப 18 ஹேண்டிகேப்டா, அது கொறையக் கொறையத்தான் ஆட்டம் நல்லாருக்குன்னு அர்த்தம்! 18 ஹேண்டிகேப் ஆளுக்கு அத வித்தவன என்ன சொல்றது, வாங்குன என்னைய என்ன சொல்றது. ரெண்டு வருஷம், நம்ப மாட்ட, ரெண்டு வருஷம் அதோட மல்லுக்கட்டுனேன். நடுவுல பட்டா 7 அயர்ன் 140 யார்டு, அந்த சத்தம், அந்த கை உணர்ச்சி, ஆஹா, சாயங்காலம் வரைக்கும் நிக்கும். ஆனா அது ஒரு ரவுண்டுக்கு நாலு தடவை. மத்ததெல்லாம் 120ல போயி பங்கர் மணல் குழில விழும், குளிர்காலத்துல விரல் எலும்பு வரைக்கும் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். வெண்ணெயாவது ஒண்ணாவது.

அப்புறம் ஒரு நாள் ஆபீஸ்ல கூட வேலை பாக்கற ஒரு பெரியவர் என்னைய ஹிமேஜி பக்கம் ஒரு பட்டறைக்கு கூட்டிட்டுப் போனாரு. ஹிமேஜில இருந்து வடக்க இச்சிகாவான்னு ஒரு சின்ன ஊரு இருக்கு, ஆத்தங்கரை, சுத்தி மலை, ஜப்பான்ல முதல்ல அயர்ன் ஹெட் அடிச்சதே அந்த ஊர்லதான், கிட்டத்தட்ட நூறு வருஷமா அதே வேலை. அந்த வட்டாரமே இரும்புக்கு பேர்போனது. மிக்கின்னு பக்கத்துல இன்னொரு ஊரு, உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் அங்கதான். ஹிமேஜிலயே மியோச்சின்னு ஒரு குடும்பம், போர்க்கவசம் பண்ணிட்டிருந்தவங்க, கவசத்துக்கு வேலை இல்லாம போனதும் கரி அடுப்புக்கு இரும்புக் குச்சி அடிச்சாங்க, அதுக்கும் வேலை போனப்ப அதே குச்சிய நாலு சேத்துக் கட்டி காத்துல ஆடற மணியாக்கிட்டாங்க. எங்க வீட்டு பால்கனில ஒண்ணு தொங்குது. சும்மா லேசா பட்டாலே "ணீ...ங்"னு ஒரு சத்தம், நம்ம கோயில் மணி மாதிரி நீளும். சாஃப்ட்டு சாஃப்ட்டுன்னு சொல்றாங்களே, அதுல பாதிக்கு மேல காதுதான்டா கேக்குது, கை இல்ல. இதுக்காகவே மிசுனோ கம்பெனி சத்தத்த அளந்து அளந்து ஹெட்ட டிசைன் பண்றான், ஒரு மாடல்ல குரோம் பூச்சுக்கு அடில மெல்லிசா செம்பு கூட பூசுனான். ஒரு தடவை காதுல பஞ்சு வச்சுக்கிட்டு ப்ராக்டிஸ் ரேஞ்ச்ல அடிச்சுப் பாரு, அப்புறம் எனக்கு சொல்லு.

பட்டறைக்கு வருவோம். அந்த பட்டறைக்காரருக்கு எழுபத்தஞ்சாவது இருக்கும், முண்டா பனியனும் ஏப்ரனும். வணக்கம் சொன்னேன், பதிலுக்கு தலைய ஆட்டுனாரு, கைய நீட்டுனாரு, என் பையில இருந்து 7 அயர்ன உருவுனாரு. ஸ்விங் பண்ணச் சொல்லல, ஹேண்டிகேப் கேக்கல. முகத்த மட்டும் ஜன்னல் வெளிச்சத்துக்கு சாய்ச்சுப் பாத்தாரு. ரெண்டு வருஷம் பந்து பட்டுப் பட்டு குரோம் தேஞ்சு ஒரு காசு அளவுக்கு மங்கலா ஒரு வட்டம் இருக்கும் பாரு, அது. நடுவுல இல்ல, டோ பக்கம், அதாவது ஹெட்டோட வெளி நுனிப் பக்கம், கட்டை விரல் அகலத்துக்கு தள்ளி. அந்த வட்டத்து மேல தன் கட்டை விரல வச்சு என்னைய பாத்தாரு. ஒரு வார்த்தை பேசல. எனக்கு மானமே போச்சு, பரீட்சை பேப்பர நடுக்கிளாஸ்ல தூக்கிக் காட்டுன மாதிரி.

அப்புறம் பந்துல ஒரு மார்க்கர் கோடு நெட்டுக்குத்தா போட்டு, அந்தக் கோடு முகத்துல படற மாதிரி வச்சு அடிக்கச் சொன்னாரு. கோடு முகத்துல பதியும். நேரா பதிஞ்சா லை ஆங்கிள், அதாவது கம்பு தரையோட நிக்கற கோணம், சரி, சாய்ஞ்சிருந்தா சரியில்ல. என்னோடது நல்லா சாய்ஞ்சிருந்துச்சு. நான் ஆறடி, கொஞ்சம் நிமிந்து நிக்கறவன், கிளப்போ எனக்கு ரொம்ப படுத்திருந்துச்சு, டோ தரைல குத்துது, பந்து வலது பக்கம் ஓடுது. நான் அத ஸ்விங் தப்புன்னு நெனச்சு யூட்யூப் பாத்துட்டிருந்தேன்! அவரு ஹெட்ட வைஸ்ல மாட்டுனாரு, கழுத்துல ஒரு நீளமான பித்தளை வாய் வச்ச கம்பிய கோத்தாரு, மெதுவா ஒரு இழுப்பு. கேஜ்ல பாத்தாரு, இன்னும் ஒரு சின்ன இழுப்பு. ரெண்டு டிகிரி. அவ்வளவுதான், ஒரு கிளப்புக்கு ஒரு நிமிஷம்.

மாப்ள, ஃபோர்ஜ்டுல காசு குடுக்கறதுக்கு உண்மையான காரணம் எனக்குத் தெரிஞ்சு இதுதான். எஸ்20சி, எஸ்25சின்னு போட்டிருப்பான், 0.20, 0.25 சதம் கார்பன், மெட்டலர்ஜி கிளாஸ்ல தூங்கிட்டே படிச்சோமே அதே மைல்டு ஸ்டீல். அது உனக்காக வளையும். உன் 17-4 வளையாது, முரண்டு பிடிக்கும், ஒரு டிகிரிக்கு மேல கேட்டா கழுத்துல கிராக் விட்டாலும் விடும். ஃபோர்ஜ்டு வாங்கி அத வளைக்காமயே ஆடறது, துணி வாங்கி டெய்லர்கிட்ட குடுக்காம அப்படியே சுத்திக்கிட்டுப் போற மாதிரி.

ஆனா வளையறதுல ஒரு சனியனும் இருக்கு. அதுவா வளைஞ்சுக்கும். ரேஞ்ச்ல கான்கிரீட் மேல விரிச்ச மேட்ல வாரத்துக்கு ரெண்டு நாள் அடிச்சா லாஃப்ட், அதாவது முகம் பின்னாடி சாயற கோணம், நகந்துடும். போன வருஷம் என் 8க்கும் 9க்கும் நடுவுல நாலு டிகிரி இருக்க வேண்டிய இடத்துல ரெண்டரைதான் இருந்துச்சு, ரெண்டும் ஒரே தூரம் போகுதேன்னு நான் மண்டைய பிச்சுக்கிட்டு இருந்தேன். அதனால வருஷத்துக்கு ஒரு தடவை செக் பண்ணணும். அப்புறம் பையில ஒண்ணோட ஒண்ணு மோதி சொட்டை விழும், அதப் பாத்து மனசு சொட்டையாகக் கூடாது.

இப்ப உனக்கு எதுன்னா, அந்த பிளேட நெனச்சே பாக்காத. நான் அதுக்கப்புறம் அத வித்துட்டு கேவிட்டி பேக், அதாவது முதுகு குடைஞ்ச, ஃபோர்ஜ்டு செட் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன், இங்க பழைய கிளப் விக்கற கடை ஊருக்கு ஊரு இருக்கு. ஷாஃப்ட் 100 கிராமுக்கு உள்ள, நிப்பான் கம்பெனியோட 950ஜிஹெச். ஹேண்டிகேப் 14க்கு வந்துச்சு, அதுல பாதி ஷாஃப்ட்டுக்குத்தான் போய்ச் சேரணும். ஹெட்ட பத்தி பத்து கேள்வி கேக்கற நீ ஷாஃப்ட்ட பத்தி ஒரு வார்த்தை கேக்கல பாத்தியா? நம்ம வயசுக்கு 12வது ஹோல்ல கை கனக்க ஆரம்பிக்கும்டா, அங்கதான் ஷாஃப்ட் பேசும்.

இன்னொரு வலை இருக்கு, விழுந்துடாத. கடைல ஒரு 7 அயர்ன குடுத்து அடிக்கச் சொல்லுவான், உன் பழசவிட 15 யார்டு கூட போகும், நீ பர்ஸ எடுத்துடுவ. லாஃப்ட் என்னன்னு கேளு, அது கொறைஞ்சா பந்து தூரம் போகும். பிளேடு மாதிரி செட்ல 7 அயர்ன் 34 டிகிரி இருக்கும், தூரத்துக்குன்னு பண்ணதுல 29, 28 கூட இருக்கும். அது 6 அயர்ன், சிலதுல 5ன்னே சொல்லலாம், மேல 7ன்னு நம்பர் போட்டிருக்கான், அவ்வளவுதான். அப்படி எடுத்தா கீழ, கிட்ட அடிக்கற பிட்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவுல தூரத்துல ஒரு பெரிய பள்ளம் விழும், அத ரொப்ப இன்னொரு வெட்ஜ் வாங்கணும். தப்புன்னு சொல்லல, தெரிஞ்சு வாங்குன்னு சொல்றேன். அப்புறம் முதுகுல ஃபோர்ஜ்டுன்னு பொறிச்சிருக்கான்னு முழுசும் ஃபோர்ஜ்டுன்னு நெனச்சுக்காத, சிலதுல முகம் மட்டும்தான் ஃபோர்ஜ்டு, உடம்பு உன் ஆளுங்க ஊத்துனது. அது வளையுமான்னு கேட்டுட்டு எடு.

சோல், அதாவது ஹெட்டோட அடிப்பாகம், அந்த விஷயத்துல மட்டும் நான் உனக்கு சொல்ல முடியாது, ஏன்னா நம்ம தரை வேற. இங்க கொரைன்னு ஒரு புல்லு, பிரஷ் மாதிரி விறைப்பு, பந்த டீ மேல வச்ச மாதிரி தூக்கிக் குடுக்கும், எந்த சோலா இருந்தாலும் அடியில நுழைஞ்சுடலாம். செட்டிபாளையத்துல நீ ஆடறது மழை மறைவு மண்ணு, நான் போன தடவை வந்தப்ப பங்குனி வெயில்ல தரை சிமென்ட் மாதிரி இருந்துச்சே, ஞாபகம் இருக்கா, என் 9 அயர்ன் எகிறி பந்தோட நெத்தில அடிச்சு அது கிரீனத் தாண்டி புதர்ல போயி விழுந்துச்சு, பை தூக்கற கேடி பையன் சிரிப்ப அடக்க முடியாம திரும்பிக்கிட்டான். அந்த மாதிரி தரைல அகலமான சோல், பவுன்ஸ் (சோல் முன் விளிம்புக்குக் கீழ இறங்கி நிக்கற அளவு) அதிகம் இருந்தா எகிறும். கொஞ்சம் குறுகலா, முன் விளிம்பு தேச்ச மாதிரி இருக்கற சோலா பாரு. அதனால மேட்ல அடிச்சுப் பாத்து முடிவு பண்ணாத. மேட் பொய் சொல்லும், நீ ரெண்டு இஞ்ச் பின்னாடி தரைல அடிச்சாலும் வழுக்கிட்டுப் போயி பந்த நல்லாவே அனுப்பிடும். டெமோ கிளப் ஒண்ணு கேட்டு வாங்கி கோர்ஸ்ல கொண்டு போயி காஞ்ச இடமா பாத்து வச்சு பத்து பந்து அடி. ஊட்டில போயி டெஸ்ட் பண்ணிடாத, அங்க காத்து லேசு, எல்லா கிளப்பும் சூப்பராத்தான் போகும்.

பிராண்ட் கேட்ட. மிசுனோ, ஸ்ரிக்ஸான், டைட்டிலிஸ்ட், எதுல வேணாலும் கேவிட்டி ஃபோர்ஜ்டு கிடைக்கும், நேரா நின்னு கீழ பாக்கறப்ப எது உன் கண்ண உறுத்தலையோ அத எடு. மியூராவும் ஹிமேஜிதான், அத கையில எடுத்தா வைக்க மனசு வராது, ஆனா விலைய கேட்டா தங்கச்சி எனக்குப் போன் பண்ணும். எனக்கு அந்த வம்பு வேண்டாம்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி நான் வர்றேன். செட்ட இங்கயே எடுத்து, அந்த பட்டறைக்காரர்கிட்ட வளைச்சு, என் பையோட கொண்டு வந்துடலாம்னு ஒரு ஐடியா இருக்கு. ஆனா அதுக்கு அவருக்கு நான் ஏதாவது காட்டணும், அவரு பேச்ச நம்ப மாட்டாரு. அதனால நீ ஒரு வேலை பண்ணு. உன் பழைய 7 அயர்ன வெளிய எடு, மண்ண மட்டும் தண்ணில கழுவு, பாலிஷ் கீலிஷ் போட்டு தேச்சுடாத. ஜன்னல் பக்கமா சாய்ச்சு அந்த முகத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கூடவே நீ ஷூ போட்டுட்டு நேரா நிக்கறப்ப மணிக்கட்டுல இருந்து தரை வரைக்கும் எவ்வளவுன்னு தங்கச்சிய டேப் வச்சு அளக்கச் சொல்லு. நீயே அளக்காத, குனிஞ்சா தப்பா வரும்.

அம்மாவ கேட்டதா சொல்லு.

உன்
மாப்ள