வெயிலில் வேகும் அமோனியா கான்கள்

ஆசிரியருக்கு,

திருகோணமலையில் கண்ணாடி, அலுமினிய வேலை செய்கிறேன். கண்ணாடி துடைக்க அமோனியா நீர் வாங்குவது வழக்கம். போன மாதம் ஒரு கடையில் வாங்கிய கானின் அடி, உருண்டு போகிற அளவுக்கு உப்பியிருந்தது. மூடியை அரைத் திருகு திருகியதும் ‘உஸ்’ என்று சீறியது. கண் எரிந்து, மூச்சு அடைத்து, தெருவுக்கே ஓடிவிட்டேன். கடைவாசலில் நாள் முழுக்க வெயில் காய்ந்த கான் அது.

காரணம் எளிது. தொழிற்சாலையில் நைதரசனையும் ஐதரசனையும் இரும்பு ஊக்கியின் மேல் 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலும் பெரும் அழுத்தத்திலும் சேர்த்து அமோனியா எடுக்கிறார்கள். அதைக் குளிர்ந்த நீரில் கரைத்தால் அமோனியா நீர். கரையும்போது சூடு கிளம்புவதால் ஆறவைத்துக்கொண்டே கரைக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டுக் கரைத்த வாயுவை வெயில் சும்மா வெளியே தள்ளிவிடும். 25 சதவீதக் கரைசல் ஏறக்குறைய 38 பாகையிலேயே கொதிக்கும். நம்மூர் ஆவணி வெயிலுக்கு அது பெரிய விஷயமா?

வாயு போன கரைசலில் வீரியமும் இல்லை. முழு விலைதான் கொடுக்கிறோம்!

என் கானில் செறிவும் இல்லை, நிரப்பிய திகதியும் இல்லை. இரண்டையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டச் சொல்ல வேண்டும். நிழலில் வைக்கச் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே குளோரின் போத்தல்களை அடுக்குவதையும் நிறுத்த வேண்டும். இரண்டும் கலந்தால் நச்சு வாயு. பொறுப்பான அதிகாரிகள் ஒருமுறை கடைவீதிப் பக்கம் வரட்டும், மத்தியானத்தில்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை