கூழாங்கல் பையில் ஊர்ப்பெயர் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பூந்தொட்டியில் பரப்புவதற்கென்று செடிக்கடைகளில் விற்கும் கூழாங்கல் பைகளில், அந்தக் கல் எந்த நாட்டில் எடுத்தது என்று அச்சிட வேண்டும். சிலர் சிரிக்கலாம். கேட்பது நான் மட்டுமல்ல, தொடக்கநிலை மூன்றில் படிக்கும் என் பேத்தியும்தான்.

கறிவேப்பிலைத் தொட்டிக்கு வாங்கிய சாம்பல் நிறக் கற்களை இருவரும் வாளியில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். "தாத்தா, இதுல செடி ஒட்டியிருக்கு" என்று ஒன்றை நீட்டினாள். கறுப்பாக, கிளை கிளையாக இருந்தது. அது செடியல்ல, கல்லின் விரிசலில் மாங்கனீஸ் தாது படர்ந்த தடம். பெரியவர்களே இதில் ஏமாந்துபோவார்கள். அவள் முகம் சுருங்கிவிட்டது. சரி, மற்றதையும் பார்ப்போம் என்று ஒவ்வொன்றாக நனைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். ஈரத்தில்தான் கல்லின் கோடுகள் தெளிவாகத் தெரியும். ஒன்றில் அரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டு. நடுவில் துளை, அதைச் சுற்றி விளிம்புவரை மெல்லிய கோடுகள். பக்கத்திலேயே அதேபோன்ற வட்டுகள் அடுக்கிய சிறு தண்டு. கடல் அல்லியின் புதைபடிவம்! பெயர்தான் அல்லி, உண்மையில் நட்சத்திர மீனின் உறவுக்கார விலங்கு. கல்லைக் கொஞ்சம் சுரண்டி வினிகர் ஒரு சொட்டு விட்டதும் அந்தப் பொடி நுரைத்தது. சுண்ணாம்புக்கல்லேதான்.

"இதுக்கு எத்தனை வயசு?" என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கடல் அல்லிகள் 45 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலில் இருக்கின்றன. ஆழ்கடலில் இன்றும் உண்டு. எந்தப் பாறை என்று தெரியாமல் வயதை எப்படிச் சொல்வது? நான் பிறந்த அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரி) கிடைத்தால், டைனோசர் காலத்துக் கடல் என்று சொல்லிவிடலாம். இந்தப் பையிலோ எடை மட்டும்தான் இருந்தது. கடைக்காரரைக் கேட்டால் "இறக்குமதி" என்றார். சிங்கப்பூரில் எதுதான் இறக்குமதி இல்லை!

இங்குள்ள புக்கிட் தீமா, புலாவ் உபின் கருங்கல்லில் புதைபடிவம் தேடிப் பயனில்லை, அது பாறைக்குழம்பு இறுகி உண்டானது. ஜூரோங் பக்கத்துப் படிவுப் பாறை 20 கோடி ஆண்டுகளுக்கும் பழையது என்றாலும், பெரும்பகுதி கட்டடங்களுக்கு அடியில் கிடக்கிறது. பூங்காக்களில் கல் பொறுக்கக் கூடாது, அது நியாயமான விதிதான். ஆக, பிள்ளைகள் கையில் எடுத்து ஆராயக் கிடைப்பது இந்தக் கூழாங்கல் பைதான்.

லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் நிற்கும் மூன்று டைனோசர்களும் அமெரிக்காவின் வையோமிங் மாநிலத்தில் தோண்டியெடுத்தவை. எந்தப் பாறையடுக்கு என்று தெரிந்ததால்தான் 15 கோடி ஆண்டு என்று சொல்ல முடிகிறது.

அரிசி மூட்டையில் நாட்டின் பெயர் இருக்கிறது. கல் எங்கிருந்து வந்தது என்பது இறக்குமதியாளருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு வரி சேர்த்தால் போதும். சுரங்கம் இருக்கும் ஊரையும் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈசூன்