பெட்டி தூக்காத பேஸ்காரன்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. மூன்று முகூர்த்தம் அடுத்தடுத்து மாட்டிக்கொண்டதால் உடனே எழுத முடியவில்லை. இங்கே எல்லாரும் நலம். உன் தங்கச்சிக்குத்தான் முழங்கால் வலி விட்டு விட்டு வருகிறது. எனக்கு முதுகு. அது உனக்கே தெரியும், அதில் பாதி நீயும் நானும் சேர்ந்து தூக்கிய ஸ்பீக்கர் பெட்டியின் உபயம்.

மருமகன் ட்ரூப்பில் பேஸ் கிட்டார் வாசிக்கப் போகிறான் என்று படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். "இந்தக் காலத்தில் மேடைக்கு ஆம்ப் வேண்டுமா, வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். முப்பது வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற ஆம்ப் இல்லாமல் பேஸா? ரிச்சி தெருவில் 15 அங்குல ஸ்பீக்கர் வாங்கி, ஆசாரியிடம் மரப்பெட்டி அடித்து, இரண்டாவது மாடி மண்டபத்துக்குப் படிப் படியாக நிறுத்தி ஏற்றினோமே! அன்றைக்கு மைக் செட்டுக்காரர் கொண்டுவந்த ஸ்பீக்கரில் பேஸை விட்டால் கிழிந்துவிடும். பாட்டுக்கும் அறிவிப்புக்கும் மட்டுமே அது. நம் பெட்டிதான் கடைசி வரிசை வரைக்கும் போயாக வேண்டும்.

உலகம் முழுக்க அதே கதைதான். 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு முன்னால் பீட்டில்ஸ் வாசித்தபோது கையில் இருந்தது 100 வாட் ஆம்ப்கள். கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. அப்புறம் 1969இல் ஆம்பெக் கம்பெனி 300 வாட் வால்வு ஆம்ப் ஒன்றைக் கொண்டுவந்தது. மேலே வைக்கும் ஆம்ப் மட்டுமே சுமார் 40 கிலோ. கீழே எட்டு ஸ்பீக்கர் வைத்த பெட்டி. அதற்கு ஃப்ரிட்ஜ் என்றே பட்டப்பெயர். ஹால் ஸ்பீக்கர் செய்யாத வேலையைச் செய்யத்தான் ஆம்ப் இப்படி வளர்ந்தது. இன்றைக்கு ஹால் ஸ்பீக்கரே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. சாதாரண ரிசப்ஷனுக்குக்கூட இரண்டு பக்கமும் கீழ் ஒலிக்கென்றே உள்ள சப் வூஃபர் ஸ்பீக்கர் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே ஜனங்களுக்காக ஆம்ப் தூக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் யாருக்காக? இதற்குப் போன ஆவணியில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

புறநகரில் ஒரு பெரிய மண்டபம். சவுண்ட் சர்வீஸ் புதிது. "அண்ணே, ஆம்ப் எதுக்கு, டிஐ போதும், மானிட்டர்ல தர்றேன்" என்றான் மிக்சர் தம்பி. டிஐ என்றால் பேஸை நேராக மிக்சருக்கு அனுப்புகிற சின்னப் பெட்டி; மானிட்டர் என்றால் வாசிக்கிறவர் தன்னையே கேட்க மேடையில் வைக்கிற ஸ்பீக்கர். எனக்கும் முதுகு வலி, ஒத்துக்கொண்டேன். என் காலடியில் மானிட்டரே இல்லை, கீபோர்டுக்காரருக்கு வைத்ததில் பங்கு. சவுண்ட் செக்கில் கேட்டது, கச்சேரி ஆரம்பித்ததும் மறைந்துவிட்டது. கையைக் காட்டினேன். அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ஒன்றும் மாறவில்லை. நாலாவது பாட்டில் பாடகி திரும்பி, "அரைக்கட்டை இறக்கிக்கலாமா?" என்றார். கீபோர்டுக்காரருக்கு ஒரு பட்டன், அமுக்கிவிட்டார். எனக்கு ஏது பட்டன்? பாடகி கேட்டதே என் காதில் விழவில்லை. பல்லவி முழுக்க நான் பழைய சுருதியில் போய்க்கொண்டிருக்கிறேன், எல்லாரும் அரைக்கட்டை கீழே. ஹால் முழுக்க சப்பில் அது கணீரென்று கேட்கிறது. கேட்காத ஒரே ஆள் நான்தான் மாப்ளே! ரிதம் பேட் வாசிக்கிற பையன் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் புரிந்தது.

ஏன் கேட்கவில்லை என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். பேஸின் கீழ் ஈ கம்பி நொடிக்கு 41 அதிர்வு. அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல், ஒரு சின்ன மேடையின் அகலமே அவ்வளவுதான். அவ்வளவு நீள அலை பெட்டியின் முன்பக்கம் பின்பக்கம் பார்க்காது, எல்லாப் பக்கமும் பரவும். அதனால் மேடையில் நமக்கு 'கும்' என்ற அதிர்வு கிடைக்கும். எந்த ஸ்வரம் என்று காது பிடிப்பது அதோடு சேர்ந்து வரும் உயர்ந்த ஒலிகளை வைத்து. அவை நேராக ஜனங்களை நோக்கிப் போய்விடும். வயிறு அதிரும், சுருதி தெரியாது. நம் பக்கத்தில் காது உயரத்துக்கு ஒரு சின்னப் பெட்டி இருந்திருந்தால் முதல் ஸ்வரத்திலேயே பிடித்திருப்பேன்.

அதனால்தான் சொல்கிறேன், ஆம்ப் இப்போது நம் காதுக்கும் டிரம்ஸ்காரர் காதுக்கும் மட்டும்தான். மானிட்டரில் நம்மை நாம் கேட்போம் என்ற நம்பிக்கை இருக்கிற மேடைக்கு அது வேண்டாம். அந்த நம்பிக்கை முன்பின் தெரியாத சவுண்ட் சர்வீஸிடம் எனக்கு வராது.

இன்னொரு பக்கமும் உண்டு. சென்னையில் சில பெரிய சர்ச்சுகளில் மேடையில் பெட்டியே கிடையாது, எல்லாருக்கும் காதில் இயர்போன். ஒருமுறை சிங்கப்பூர் போனபோது எனக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். என் ஸ்வரம் ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி தெரிந்தது, இவ்வளவு பிசிறு வாசிக்கிறேனா என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் பேண்ட் காலில் காற்று அடிப்பது போல வருமே அந்த அதிர்வு, அது இல்லை. பூட்டிய அறையில் தனியாக வாசிக்கிற மாதிரி. நாலைந்து கச்சேரியில் பழகிவிடும் என்கிறார்கள். எனக்கு ஒரே கச்சேரிதான் வாய்த்தது.

கனடாவின் ரஷ் என்ற ராக் குழு தெரியுமல்லவா, அதன் பேஸ்காரர் கெடி லீ ஆம்ப்பை விட்டுவிட்டு நேராக ஹால் ஸ்பீக்கருக்கே அனுப்ப ஆரம்பித்தார். மேடையில் அவர் பக்கம் வெறிச்சென்று இருந்ததாம். 2002 சுற்றுப்பயணத்தில் அங்கே துணி உலர்த்தும் மெஷின்களை வரிசையாக வைத்துவிட்டார்! பிற்பாடு கோழி சுடும் அடுப்பு. நம் ஊர் கிரில் சிக்கன் கடை வாசலில் கம்பியில் சுழலுமே, அதேதான். என் ட்ரூப்பில் சொன்னேன், "வைங்கண்ணே, கச்சேரி முடிஞ்சதும் சாப்பிடலாம்" என்கிறார்கள்.

சரி, மருமகன் விஷயம். முதலில் நல்ல டிஐ பாக்ஸ் ஒன்று வாங்கச் சொல். சில ஆயிரத்தில் கிடைக்கும். பேட்டரி இல்லாத பேஸை நேராக மிக்சரில் செருகினால் சத்தம் போர்வை போர்த்திய மாதிரி மங்கிவிடும். டிஐ அதைச் சரிசெய்யும், நீளக் கேபிளில் இரைச்சலும் ஏறாது. காசு இருந்தால் டிஐ உள்ளேயே வருகிற ப்ரீஆம்ப் பெடலாக (தொனியைத் திருத்துகிற காலடிப் பெட்டி) வாங்கட்டும், மிக்சர் யார் கையில் இருந்தாலும் போகிற தொனி அவனுடையதாக இருக்கும். ஆம்ப் இல்லாவிட்டால் பேஸ் நன்றாகவே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனி ஸ்டுடியோவில் பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் அறுபதுகளில் வாசித்தது பெரும்பாலும் நேராக மிக்சருக்குப் போனதுதான். ஆனால் அந்த ஸ்டுடியோவிலும் வாசிக்கிறவர்கள் கேட்க ஒரு ஸ்பீக்கர் இருந்தது, அதைக் கவனி.

அடுத்தது ஒரு சின்ன ஆம்ப். இப்போதைய 'கிளாஸ் டி' என்ற எடை குறைந்த வகை ஆம்ப்கள் 500 வாட் தருகின்றன, எடை இரண்டு கிலோ பக்கம்தான். 12 அங்குலப் பெட்டி ஒன்று சேர்த்தால் ஆட்டோவில் போய்விடலாம், குட்டியானை பிடிக்க வேண்டாம். சத்தத்தைக் குறைத்து, காதைப் பார்த்துச் சாய்த்து வைக்கச் சொல். மேடையில் நாம் ஏற்றினால் அது பாடகர் மைக்குக்குள் புகுந்து மொத்தக் கச்சேரியும் குழம்பும். நாம் அந்த வயதில் செய்த பாவம் அதுதானே.

ஒன்று மறக்க வேண்டாம். ஆம்ப்பை மிக்சர் இருக்கிற அதே கரண்ட் லைனில் செருகட்டும், முதலில் டெஸ்டர் வைத்துப் பார்க்கட்டும். பழைய மண்டபங்களில் எர்த்து சரியாக இருக்காது. கம்பியில் கை, மைக்கில் உதடு, சுளீர். எனக்கு இரண்டு தடவை பட்டிருக்கிறது. 'ஹம்' என்ற இரைச்சல் வருகிறதென்று பிளக்கின் எர்த்துப் பின்னை உடைக்கிற வேலையே கூடாது, டிஐயில் அதற்கென்று தனி ஸ்விட்ச் இருக்கிறது.

உன் வீட்டில் இருக்கிற என் தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். தை பிறந்ததும் கோவைப் பக்கம் ஒரு கச்சேரி வரும் போலிருக்கிறது, வந்தால் உன் வீட்டில்தான் ராத்திரிச் சாப்பாடு.

நம் பழைய 15 அங்குலப் பெட்டி இன்னும் என் பால்கனியில்தான் இருக்கிறது. உன் தங்கச்சி அதன் மேல் துளசித் தொட்டி வைத்திருக்கிறாள். மருமகனுக்கு ஆசையாக இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும், தூக்குவதற்கு மட்டும் நீ வராதே, வயசுப் பையன்கள் இரண்டு பேரை அனுப்பு.

அன்புடன்,
உன் மாப்ளே