சட்டமன்ற உறுப்பினர் அவைக்குள் என்ன செய்தார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்தல் வந்தால் வேட்பாளரின் சொத்து, சாதிக் கணக்கு, கட்சி எல்லாம் பக்கம் பக்கமாக வருகிறது. சரி, ஜெயித்த பிறகு அவர் அவையில் என்ன கேட்டார், எந்த மசோதாவில் பேசினார் என்று தேடினால் கிடைப்பது ரொம்பக் குறைவு.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துப் பாருங்கள். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர், தாயார் தேவதாசி மரபில் வந்த இசை வேளாளர் குடும்பம், பெண் என்பதால் கல்லூரியில் சேர்வதற்கே எதிர்ப்பு, அதையும் தாண்டி 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம். சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினராகத்தான் போனார், ஆனால் துணைத் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தது அந்த அவையே. தாயார் வந்த அந்தச் சூழலில் இருந்த கொடுமையை, அதாவது கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டித் தேவதாசியாக விடுவதை, ஒழிக்கத்தான் அவைக்கு மசோதா கொண்டுவந்தார். எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. 1930-இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியையே விட்டார். அப்புறம் அந்தச் சட்டம் முழுமையாக நிறைவேற 1947 வரை ஆனது.

இவர் வளர்ந்த சூழல் தெரியாமல் இவருடைய சட்டப்பணி புரியாது, சட்டப்பணியைச் சொல்லாமல் வெறும் வாழ்க்கைக் குறிப்பு மட்டும் போட்டால் அதனால் வாசகருக்கு என்ன பயன்?

ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் நம் பகுதி உறுப்பினர்கள் எத்தனை நாள் வந்தார்கள், என்ன கேள்வி கேட்டார்கள், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று அரைப் பக்கமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி